ஹில்ஸ்பரோ நெரிசல்: பொறுப்பும் பதில் சொல்லும் கடமையும்

பெருங்கூட்டம் கூடும் இடத்தில் உயிர்ச்சேதம் நேரிட்டால் 'இதற்கு யார் பொறுப்பு?' என்ற கேள்வி உடனே எழுகிறது. தமிழில் 'பொறுப்பு' என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறித்து வருகிறோம். ஒரு பணியைச் செய்ய வேண்டிய கடமை ஒன்று. அப்பணி தவறியபோது காரணம் கூறி, விளைவை ஏற்க வேண்டிய கடமை மற்றொன்று. முன்னதை ஓர் ஆணையின் மூலம் வகுத்துவிடலாம். பின்னதை நிலைநாட்டுவது எத்துணைக் கடினம் என்பதை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989-இல் நேர்ந்த பேரழிவும், அதனைத் தொடர்ந்து முப்பதாண்டுகளுக்கு மேல் நடைபெற்ற விசாரணைகளும் காட்டுகின்றன.

கணக்கும் கவனக்குறைவும்

1989 ஏப்ரல் 15 அன்று அம்மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் அணியின் ஆதரவாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட மேற்குப் பகுதியில், நின்று பார்ப்பதற்குரிய சீட்டுப் பெற்றவர்கள் 10,100 பேர். அவர்கள் நுழைவதற்கு இருந்தவை, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய 7 சுழல்கதவுகள். ஒரு கதவின் வழியாக மணிக்கு 750 பேருக்கு மேல் செல்வதாகக் கொள்ளலாகாது என்பது அந்நாட்டு அரசின் அன்றைய வழிகாட்டு நெறி. ஒரு கதவுக்கு 1,443 பேர் வீதம் கணக்கிட்டால், சிறிதும் தடங்கலின்றி இயங்கினாலும் அனைவரும் உள்ளே செல்ல ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகும். ஆனால் கூட்டத்தின் பெரும்பகுதி ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே வந்து சேரும் என்பது காவலர்களும் மைதான நிர்வாகத்தினரும் அறியாததன்று. இதனை முன்கூட்டியே கணக்கிடப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஆரம்பப் பள்ளியில் கற்ற வகுத்தலே போதும்.

உள்ளே நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 1981-இல் இதே மேற்குப் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் 38 பேர் காயமுற்றனர். அதன் பின்னர் அப்பகுதி இரும்பு வேலிகளால் தனித்தனி அடைப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் 1979-இல் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழ், இம்மாற்றங்களுக்கேற்பத் திருத்தப்படவில்லை. நடுவிலிருந்த இரு அடைப்புகளில் 2,200 பேர் நிற்கலாம் எனக் கருதப்பட்டது. பின்னர் முறைப்படி அளந்து பார்த்தபோது அந்த எண்ணிக்கை 1,700-க்கும் குறைவே என்று தெரிந்தது. எந்த அடைப்பில் எத்தனை பேர் உள்ளனர் என்பதை எண்ணுவதற்கு அன்று எவ்வித ஏற்பாடும் இல்லை.

பிற்பகல் 2.52 மணிக்கு, வெளியே நெருக்கித் தவித்த கூட்டத்திற்கு வழிவிடும் பொருட்டு, பெரிய வெளிவாயிற் கதவொன்றைத் திறக்கப் போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட் ஆணையிட்டார். அப்பொறுப்பை அவர் ஏற்று மூன்று வாரங்கள் கூட நிறையவில்லை. கதவுக்கு நேர் எதிரே இருந்த சுரங்க வழி, முன்னரே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்குச் சென்றது. அவ்வழியை அடைக்க எவரும் ஆணையிடவில்லை. 3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. இந்த நெரிசலால் இறந்தோர் 97 பேர்; அவர்களுள் ஒருவர், அன்று ஏற்பட்ட பாதிப்பினால் 32 ஆண்டுகளுக்குப் பின்னர் 2021-இல் காலமானார்.

முதல் கூற்றின் வலிமை

ஆட்டம் நின்ற சில நிமிடங்களில், ஆதரவாளர்களே கதவை உடைத்துப் புகுந்ததாகக் கால்பந்துச் சங்க அலுவலர்களிடம் டக்கன்ஃபீல்ட் கூறினார். அது பொய் என்று அவரே 2015-இல் மரண விசாரணையின்போது ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் அப்பொய் உலகெங்கும் பரவி நிலைபெற்றுவிட்டது. குடிபோதையில் வந்த ரசிகர்களே அழிவுக்குக் காரணம் என்னும் கதையும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

உண்மை வெளிவரவில்லை என்று கூறுவதற்கில்லை. நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே, அதாவது நான்கே மாதங்களில், இடைக்கால அறிக்கை அளித்தார். போலீஸ் கட்டுப்பாடு தவறியதே முதன்மையான காரணம் என்று அதில் ஐயத்துக்கிடமின்றிக் குறிப்பிட்டார். அவரது 1990-ஆம் ஆண்டு இறுதி அறிக்கையின் பயனாக இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் வேலிகள் அகற்றப்பட்டு, அனைவருக்கும் இருக்கைகள் அமைக்கப்பட்டன. பாதுகாப்பைப் பற்றிய பரிந்துரைகளை ஏற்பதில் அரசுக்கும் சங்கங்களுக்கும் பெரிய தயக்கம் இருக்கவில்லை. தயக்கமெல்லாம் பதில் சொல்லும் கடமையில்தான் இருந்தது. 1990-இல் வழக்குத் தொடர்வதில்லை என முடிவு செய்யப்பட்டது. 1991-இல் மரண விசாரணை 'விபத்து மரணம்' என்று தீர்ப்பளித்தது. அவ்விசாரணையில் பிற்பகல் 3.15 மணிக்குப் பிந்தைய நிகழ்ச்சிகள் ஆராயப்படவே இல்லை.

இந்நிலையை மாற்றியது புதிய சாட்சி எவருமல்லர், பழைய காகிதங்களே. லிவர்பூல் பேராயர் ஜேம்ஸ் ஜோன்ஸின் தலைமையில் அமைந்த தனிக்குழு, ஏறத்தாழ 4,50,000 பக்க ஆவணங்களை ஆராய்ந்து 2012 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. போலீஸார் அளித்த வாக்குமூலங்களுள் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116-இல் போலீஸ் துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. உரிய நேரத்தில் மருத்துவ உதவி கிடைத்திருந்தால் இறந்தோரில் 41 பேர் வரை பிழைத்திருக்கக்கூடும் என்பதும் தெரிய வந்தது. பழைய தீர்ப்புகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. புதிய மரண விசாரணையின் ஜூரிகள் 2016 ஏப்ரல் 26 அன்று இவை சட்டத்துக்குப் புறம்பான மரணங்கள் என்றும், ஆதரவாளர்கள் மீது குற்றமில்லை என்றும் தீர்ப்புக் கூறினர்.

எனினும் தண்டனை என்று பார்த்தால் கிடைத்தது மிகச் சொற்பம். டக்கன்ஃபீல்ட் 2019-இல் விடுதலையானார். மைதானத்துக்குரிய கழகத்தின் அன்றைய செயலாளருக்குச் சுழல்கதவு ஏற்பாடு தொடர்பான குற்றத்துக்காக 6,500 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. வாக்குமூலங்களைத் திருத்தியது குறித்து இரு முன்னாள் போலீஸ் அதிகாரிகள் மீதும் ஒரு வழக்கறிஞர் மீதும் தொடரப்பட்ட வழக்கு, 2021 மே மாதத்தில் சரிந்தது. அவ்வாக்குமூலங்கள் நீதிமன்றத்துக்கென அன்றி ஒரு நிர்வாக விசாரணைக்கெனத் தயாரிக்கப்பட்டவை. ஆகவே அவற்றைத் திருத்துவது நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றமாகாது என்று நீதிபதி கருதினார். அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இது. உண்மையைக் கண்டறியவென்றே அமைக்கப்பட்ட விசாரணைக்கு, உண்மையை மறைக்காதிருக்கும் பாதுகாப்பைச் சட்டம் வழங்கவில்லை.

நம் நாட்டு நிலை

கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளின் ஆட்டத்தின்போது 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். அந்நாளை அந்நகரத்துக் கால்பந்து அன்பர்கள் ரத்ததான முகாம்கள் நடத்தி இன்றும் நினைவுகூர்கின்றனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில், கிரிக்கெட் வெற்றி விழாவுக்காகச் சின்னசாமி மைதானத்தின் வெளியே திரண்ட கூட்டத்தில் 11 பேர் மாண்டனர். மறுநாளே மாநகரப் போலீஸ் ஆணையர் உள்ளிட்ட அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். இரு மாதங்களுக்குள் அவ்வாணைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. விசாரணைக்கு முன்னர் வரும் பணியிடை நீக்கம், மக்களின் கோபத்தைத் தணிக்கலாம். அதனைப் பொறுப்பு நிர்ணயம் என்று கருதுவது பொருந்தாது.

நமது 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம் ஒரு வகையில் இங்கிலாந்தைவிட மேலானது. ஆணையத்தின் முன் நடப்பவை, பொய்ச்சாட்சியைப் பொறுத்தவரை நீதி நடவடிக்கைகளாகவே கொள்ளப்படுகின்றன. சாட்சிகள் அச்சமின்றிப் பேச வேண்டும் என்பதற்காக, அங்கு ஒருவர் கூறியதை, பொய்ச்சாட்சி வழக்கு நீங்கலாக, வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த இயலாது. அறிக்கையையும் அதன்மீது எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பையும் ஆறு மாதங்களுக்குள் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் ஆணையத்தின் பரிந்துரைகள் எவரையும் கட்டுப்படுத்துவன அல்ல என்பதை உச்சநீதிமன்றம் 1958-இலேயே டால்மியா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. கேட்கும் முன்னரே முன்வந்து முழு உண்மையையும் தெரிவிக்கும் கடமை, அரசுத் துறைகள் மீது இச்சட்டத்தில் சுமத்தப்படவில்லை. அத்தகைய கடமையை விதிக்கும் மசோதா ஒன்று, ஹில்ஸ்பரோ குடும்பங்களின் நெடிய முயற்சியின் பின்னர், 2025 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது.

ஆவணங்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், விதிமுறைக்கு மாறாக ஆவணங்களை அழிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், அவற்றைச் சார்ந்த நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கே பொருந்தும். மைதானக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் போலீஸ் மாநில அரசுக்குட்பட்டது. அனுமதி வழங்கும் மாநகராட்சியும் அவ்வாறே. கட்டுப்பாட்டு அறையின் பதிவேடு, கம்பியில்லாத் தொடர்பின் ஒலிப்பதிவு, காவலர் தம் கைப்படச் சம்பவ நாளில் எழுதிய முதற்குறிப்பு ஆகியவை எத்தனை ஆண்டுகள், எவரது பொறுப்பில் காக்கப்பட வேண்டும் என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்க வேண்டியுள்ளது. விசாரிக்கப்படும் துறையின் பீரோவிலேயே அவை பூட்டி வைக்கப்படுவதே நம் நாட்டில் பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகிறது.