செய்யாற்றுப் பள்ளத்தாக்கும் உத்திரமேரூர் ஏரிகளும்

சவ்வாது மலையில் உற்பத்தியாகும் செய்யாறு, செங்கம் வழியாக இறங்கித் திருவண்ணாமலை ஜில்லாவைக் கடந்து, காஞ்சிபுரம் ஜில்லாவில் திருமுக்கூடலருகே பாலாற்றோடு கலக்கின்றது. வேகவதியும் அவ்விடத்தே வந்து சேர்வதால் அவ்வூருக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர்ப் பாலாறு தென்கிழக்காகச் சென்று வயலூரருகே கடலில் விழுகின்றது.

செய்யாறு ஜீவநதியன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியுங்கால் பெருக்கெடுத்து, விரைவில் வற்றிவிடும். ஆகையால் இப்பிரதேசத்தின் பயிர்த்தொழில் இரண்டு களஞ்சியங்களை நம்பியிருக்கின்றது. ஒன்று ஆற்றுமணல், வெள்ளம் வடிந்த பின்னரும் அதனுள் ஜலம் தங்கி, ஊற்றுக்கால்களுக்கும் கரையோரக் கிணறுகளுக்கும் உதவுகின்றது. மற்றொன்று ஏரி.

நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்வதால், தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டு நீரைத் தேக்குதல் முன்னோர் கண்ட முறையாகும். மேலேரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாகக் கீழேரிக்குச் செல்லும். செய்யாற்று நீரும் அனுமந்தண்டலம் அணையினின்று கால்வாய் மூலம் உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குத் திருப்பப்படுகின்றது.

இவ்வூர்ச் சபையார் ஏரிப் பராமரிப்பை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதைப் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள் காட்டுகின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் 360 நாள் ஏரி வாரியம் செய்தனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் அப்பதவிக்கு உரியராகார். வயிரமேகத் தடாகம் என்பது அக்காலத்து ஏரியின் பெயர்.

இக்காலத்தில் அபாயம் இரு வழிகளில் வருகின்றது. ஆற்றுமணலை அளவின்றி அள்ளினால் ஆற்றின் படுகை தாழ்ந்து, கால்வாயின் தலைமடை மேடாகிவிடும், ஊற்றும் அடங்கும். வரத்துக்கால் தூர்ந்தாலோ, ஆக்கிரமிக்கப்பட்டாலோ, ஓர் ஏரி மட்டுமன்றி அதன் கீழுள்ள ஏரிகள் யாவும் வறண்டுபோம்.

எனவே, புரட்டாசி முடியுமுன் ஆயக்கட்டுதாரர் ஒன்றுகூடி வரத்துக்காலைச் செப்பனிட்டு, மதகையும் கலங்கலையும் சோதித்தல் வேண்டும். வண்டல் எடுப்போர் அதிகாரிகளின் அனுமதி பெற்று, கரைக்கு அப்பால் தள்ளியே எடுக்கக் கடவர்; கரையடியில் தோண்டுதல் உடைப்புக்கு வழியாகும். கிராம நிர்வாக அலுவலர், ஏரிகளைப் பாதுகாக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை மனத்திற்கொண்டு, ஆக்கிரமிப்புகளை உடனுக்குடன் மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தல் நலம். குடிமராமத்துக்கென 1858லேயே சட்டம் ஏற்பட்டது. 2017ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. ஆயினும் மேலூரார் தம் கலங்கலைக் காப்பது கீழூராரின் வயலுக்கும் காப்பாகும் என்ற உணர்வு குடிகளிடம் இருந்தாலன்றி, சட்டமும் திட்டமும் முழுப்பயன் தாரா.