பவழத்தின் காவற்காரன்

வீட்டைக் காக்க நாய் வளர்க்கிறோம். அதற்கு உணவும் இடமும் தருகிறோம். வெப்பக் கடல்களின் அடியிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே வீட்டுக்காரர் பவழம். காவற்காரர் ஒரு சிறு நண்டு. பெயர் டிராபீசியா.

இந்துமாக்கடல், பசிபிக் மாக்கடல் ஆகியவற்றின் பவழப் பாறைகளில் இவ்வகை நண்டுகள் வாழ்கின்றன. முதுகோடு ஏறத்தாழச் சரிவக வடிவில் இருக்கும். அகலம் பெரும்பாலும் இரண்டு செ.மீ.க்கு உட்பட்டதே. ஆனால் உடலை நோக்க, இடுக்கிக் கால்கள் மிகப் பெரியவை.

வீடும் உணவும்

காலிபிளவரைப் போல் கிளைத்து வளரும் பொசிலோபோரா என்ற பவழமே இதன் இருப்பிடம். பவழம் செடியன்று, பாலிப் எனப்படும் நுண்ணிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் குடியிருப்பு. அதன் கிளைகளின் இடுக்கில் ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி நண்டுகள் குடியேறும். தம் இனத்தைச் சேர்ந்த வேறு நண்டு வந்தால் விரட்டிவிடும்.

பவழம் தன் மேற்பரப்பில் வழவழப்பான கோழையைச் சுரக்கிறது. நண்டு தன் கால்களால் அதை வழித்து உண்கிறது. பாலிப்புகளின் உணர்கொம்பு நுனியில் உண்டாகும் கொழுப்புத் திரள்களும் அதற்கு உணவாகின்றன. நண்டு குடியிருக்கும் பவழம் இக்கொழுப்பைக் கூடுதலாக உண்டாக்குகிறது என்பது வியப்பான செய்தி!

பகைவன் யார்?

முட்கிரீட நட்சத்திர மீனே பவழத்தின் பெரும் பகைவன். இதன் விட்டம் பொதுவாக 25 முதல் 35 செ.மீ.; உடலெங்கும் நச்சு முட்கள். பவழத்தின்மேல் ஏறி, இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளி, பாலிப்புகளைச் செரித்துவிடும். எஞ்சுவது வெறும் சுண்ணாம்புக் கூடு.

இது பவழத்தை அணுகியதும் நண்டு வெளிப்படும். பகைவனின் குழாய்க்கால்களைக் கவ்விப் பிடிக்கும். முட்களைப் பற்றி உலுக்கும். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய உயிரைப் பின்வாங்கச் செய்துவிடும்.

1970களில் பானாமாவின் பசிபிக் கரையில் பீட்டர் கிளின் இதை ஆராய்ந்தார். நண்டுள்ள பவழங்களை நட்சத்திர மீன் தவிர்த்தது. நண்டை நீக்கிய பவழங்களையே நாடித் தின்றது. காவலற்ற வேறு பவழங்களும், பொசிலோபோரா சூழ்ந்திருந்த இடங்களில் வேலிக்குள் இருக்கும் பயிர்போல் தப்பிப் பிழைத்தன.

துப்புரவுப் பணி

நண்டின் தொண்டு இத்துடன் நிற்கவில்லை. பவழத்தின்மேல் படியும் வண்டலையும் அது அகற்றுகிறது. பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரேயா தீவில் இரு பவழ இனங்களைக் கொண்டு சோதனை நடத்தி, 2006இல் முடிவை வெளியிட்டனர். நண்டுகள் இருந்த பவழங்கள் அனைத்தும் பிழைத்தன. நண்டுகள் இல்லாதவற்றில் 45 முதல் 80 விழுக்காடு ஒரு மாதத்திற்குள் இறந்தன.

பின்னர் அதே தீவின் வெளிப் பாறைச் சரிவில் நட்சத்திர மீன்கள் பெருகி, உயிருள்ள பவழத்தின் பரப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைத்துவிட்டன. அப்போது ஆறு இன டிராபீசியாக்களை ஆராய்ந்தனர். பெரிய இனங்கள் நட்சத்திர மீனை எதிர்த்தன. பயனற்றவை எனக் கருதப்பட்ட சிறிய இனங்களோ, பவழம் தின்னும் சிறு உயிர்களைத் தடுத்தன. ஆளுக்கேற்ற வேலை!

வேலி சாய்ந்தால்?

1982-83இல் எல் நினோவால் கிழக்குப் பசிபிக் கடல்நீர் சூடேறியது. பவழங்கள் வெளுத்தன; கோழை குறைந்தது. உணவின்றி நண்டுகள் சில வெளியேறின, சில மடிந்தன. எஞ்சியவற்றின் எதிர்ப்பும் தளர்ந்தது. பானாமாவில் பொசிலோபோரா வேலி இறந்துபட, அதுவரை நுழைய முடியாத நட்சத்திர மீன்கள் உள்ளே புகுந்து, நெடுங்காலம் வளர்ந்திருந்த பெரும் பவழங்களைத் தின்றன.

பவழம் நலமாக இருந்தால்தான் நண்டுக்கு உணவு; நண்டு இருந்தால்தான் பவழத்துக்குக் காவல். கடல்நீரின் வெப்பம் ஏறும்போது அறுந்துபோவது இந்தப் பிணைப்பே. பாறையைக் காக்க நினைப்போர், கிளையிடுக்கில் பதுங்கியிருக்கும் இந்தச் சிறு காவற்காரனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.