வீட்டுக்குள் வந்த தேசிய தினம்

தேசிய தினம் என்றதும் பீரங்கி வேட்டும், படை அணிவகுப்பும், மேடையுரைகளும் நினைவுக்கு வருகின்றன. நாடு ஓரளவு நலமாக இருக்கும் காலத்தில் இவற்றைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாடு கெட்டுக் கிடக்கும்போது என்ன செய்வது? பிள்ளைக்குப் புதுச் சட்டை உடுத்திக் கையில் கொடியைக் கொடுப்பதா, கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவதா? இந்தக் கேள்விக்கு ஒரு சிறிய நாட்டின் கவிஞர்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக முகங்கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த நாடு நோர்வே. நாள் மே 17. நேயர்களே, இவ்வாரம் அந்த நாளின் இலக்கியப் பின்னணியைச் சிறிது நோக்குவோம்.

நோர்வேஜிய இலக்கியம் என்றால் நம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நாடகாசிரியர் இப்சன். அடுத்தவர் க.நா.சு. தமிழில் தந்த 'நிலவளம்' நாவலின் ஆசிரியர் நட் ஹம்சுன். ஆனால் மே 17 இவ்விருவருக்கும் உரிய நாள் அன்று. அது ஹென்ரிக் வேர்கெலான்ட், பியோர்ன்ஸன், நோர்டால் கிறீக் ஆகிய மூவரின் நாள். தமிழில் இம்மூவரும் போதிய அளவு அறியப்படாதது ஒரு குறையே.

முதலில் வரலாறு. 1814இல் ஐரோப்பியப் போர்களின் முடிவில் டென்மார்க் மன்னர் தம் வசமிருந்த நோர்வேயைச் சுவீடன் மன்னருக்கு விட்டுக்கொடுத்தார். நோர்வே மக்களை யாரும் கேட்கவில்லை. ஐட்ஸ்வோல் என்ற இடத்தில் 112 பேர் கூடி, சில வாரங்களில் ஓர் அரசியலமைப்பை எழுதி, மே 17ஆம் நாள் ஒப்பமிட்டனர். அதன்பின் நடந்தது வெற்றிக் கதை எனச் சொல்ல முடியாது. அந்தக் கோடையிலேயே சுவீடனுடன் போர் மூண்டது. நவம்பரில் நோர்வே சுவீடனோடு ஒரே மன்னரின் கீழ் இணைய வேண்டியதாயிற்று. தனி நாடாவதற்கு 1905 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆக, அவர்கள் கொண்டாடுவது ஒரு போர் வெற்றியையன்று, ஒரு தாளையே. அந்தத் தாள் மட்டும் தோல்வியிலும் கிழிபடாமல் பிழைத்துக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவன விளங்கும்.

சுவீடன் மன்னர் கார்ல் யோஹானுக்கு இந்த நாள் பிடிக்கவில்லை. தம்முடைய இணைப்பை விட்டுவிட்டு அதற்கு முந்திய நாளைக் கொண்டாடுகிறார்களே என்ற எரிச்சல். 1829 மே 17 அன்று தலைநகர் கிறிஸ்தியானியாவின் சதுக்கத்தில், 'அரசியலமைப்பு' என்று பெயர் பூண்ட நீராவிக் கப்பல் ஒன்றை வரவேற்கக் கூடிய கூட்டத்தைப் படையினர் குதிரைகளோடு வந்து கலைத்தனர். வாளின் தட்டைப் பக்கத்தால் அடிபட்டவர்களுள் இருபது வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அவர்தாம் வேர்கெலான்ட். பின்னர் மே 17இன் கவிஞர் என்று பெயர் பெற்றவர். 1845இல், முப்பத்தேழு வயதில் காலமானார்.

வேர்கெலான்டின் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது அந்த வாளடி அன்று. அவருடைய தந்தை நிக்கொலாய் வேர்கெலான்ட் ஒரு மதகுரு, ஐட்ஸ்வோலில் கூடிய 112 பேரில் ஒருவர். ஆக, மகனுக்கு அந்த அரசியலமைப்பு வீட்டுச் சொத்துப் போன்றது. ஐரோப்பாவில் அன்று பெரிதும் போற்றப்பட்ட அந்த ஆவணத்தின் இரண்டாம் பிரிவில் ஒரு கறை இருந்தது. யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அது தடை விதித்தது. அதை வற்புறுத்தி ஆதரித்தவர்களுள் தந்தை வேர்கெலான்டும் ஒருவர். மகனோ, தந்தையார் கைவைத்து எழுதிய நாளை நாடெங்கும் கொண்டாடச் செய்துகொண்டே, தந்தையார் ஆதரித்த வரியை நீக்கப் போராடினார். 1840களில் அதற்காகவே இரண்டு கவிதைத் தொகுதிகளை வெளியிட்டார். 1842இல் நாடாளுமன்றத்தில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. தடை நீங்கியது 1851இல், அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்.

நாட்டை நேசிப்பவன் அதன் குறையைச் சொல்லலாமா என்ற பட்டிமன்றம் நம்மிடையே ஓயாமல் நடக்கிறது. வேர்கெலான்டுக்கு இவை இரண்டு வேலைகளாகத் தோன்றவில்லை. இன்றும் ஒவ்வொரு மே 17 அன்றும் ஒஸ்லோவின் யூத சமூகத்தினர் அவருடைய கல்லறையில் மலர்வளையம் வைக்கின்றனர். விழாவின் தொடக்க நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று.

இந்த நாளைக் குடும்பங்களின் நாளாக மாற்றியதில் பியோர்ன்ஸனுக்குப் பெரும் பங்குண்டு. 1903இல் நோபல் பரிசு பெற்ற இவரே நோர்வேயின் தேசிய கீதத்தையும் யாத்தவர். 1864 மே 17இல், அரசியலமைப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், ஐட்ஸ்வோலில் அது முதன்முதலாகப் பொதுவில் பாடப்பட்டது. இசையமைத்தவர் அவருடைய உறவினரான இளைஞர் நூர்ட்ராக். 1870இல் பியோர்ன்ஸனின் ஊக்கத்தால் தலைநகரில் பாடசாலைச் சிறுவர்கள் கொடியேந்தி ஊர்வலம் போயினர். சிறுமிகள் சேர மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1889இல்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. சுதந்திரம் பற்றி அவ்வளவு பாடிய நாட்டில் இந்தத் தாமதம்!

அன்றிலிருந்து ஊர்வலத்தின் நாயகர்கள் பிள்ளைகளே. இராணுவ வண்டிகள் போவதில்லை. பாடசாலை வாத்தியக் குழுக்கள் போகின்றன. 1906 முதல் அரச குடும்பத்தினர் அரண்மனை மாடத்தில் நின்று பிள்ளைகளுக்குக் கையசைக்கின்றனர். வீடுகளில் காலை உணவு விருந்தாகிறது. பாரம்பரிய உடை பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. ஐஸ்கிறீமுக்கு அன்று கணக்குப் பார்ப்பதில்லை. பிறந்தநாளுக்குச் சொல்லும் அதே வாழ்த்துச் சொற்களையே அன்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். மேடை எதுவும் இல்லாமலே நடத்தக்கூடிய விழா இது. அதனால்தான் கெட்ட காலம் வந்தபோது அது வீட்டுக்குள் புக முடிந்தது.

கெட்ட காலம் 1940 ஏப்ரல் 9 அன்று வந்தது. ஜேர்மன் படைகள் இறங்கின. அன்று மாலையே குவிஸ்லிங் வானொலியில் தோன்றித் தம்மைத் தலைமை அமைச்சர் என்று அறிவித்துக்கொண்டார். அவருடைய பெயர் இன்று பல மொழிகளில் துரோகி என்பதற்கு மறுசொல். ஐந்து வாரங்களில் மே 17 வந்தது. தெற்கு முழுவதும் எதிரியின் கையில், ஐட்ஸ்வோலும் அடங்கலாக. அங்கே அது வேலைநாளாகவே கழிந்தது. ஊர்வலம் இல்லை. வடக்கில் மட்டும் போர் தொடர்ந்தது. மன்னரும் அரசாங்கமும் அங்கே இருந்தனர்.

அன்று வடகோடி நகரான ட்ரொம்சோவின் வானொலியில் ஒரு கவிஞர் தம் கவிதையை வாசித்தார். நோர்டால் கிறீக், பிறந்தது 1902. தேசிய வங்கியின் தங்கம் பகைவர் கையில் சிக்காமல் வடக்கே கொண்டு போகப்பட்டபோது உடன் சென்றவர். கவிதையின் தலைப்பு அந்தத் தேதியேதான். கொண்டாட முடியாத ஒரு நாளைப் பற்றி, கொண்டாட முடியாத மக்களுக்காக எழுதப்பட்டது. அரசியலமைப்புப் பிறந்த இடம் பறிபோனதை அது மறைக்கவில்லை. வெற்றி நாளையே வரும் என்று பொய்யும் சொல்லவில்லை. இழந்த பிறகே சுதந்திரத்தின் பொருள் புரிகிறது என்ற உணர்வு அதில் ஓடுகிறது. நாட்டின் சனத்தொகை சிறியது என்பதால் இறந்தவர் ஒவ்வொருவரும் சொந்தக்காரர் போலாகிவிடுகிறார் என்ற எண்ணமும் உண்டு. நாட்டையே ஒரு வீடாகப் பார்க்கும் பார்வை அது.

வானொலிக்காரர்களான நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கேட்பவர் ஒருமுறையே கேட்பார், திரும்பிப் பார்க்க இயலாது என்ற அறிவோடு எழுதப்பட்ட கவிதை அது. தெளிவும் அதிலிருந்தே வருகிறது எனலாம்.

கிறீக் அதுவரை ஆட்சியாளருக்கு இனியவராக இருந்தவரல்லர். 1935இல் மேடையேறிய அவருடைய நாடகம், முதல் உலகப்போரில் மாலுமிகள் கடலில் மாள, கப்பல் முதலாளிகள் இலாபம் குவித்ததைச் சாடியது. 1937இல் எழுதிய 'தோல்வி' என்ற நாடகம் பாரிஸ் கொம்யூன் பற்றியது. ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் அதற்கு மறுமொழி போலத் தாமும் ஒரு நாடகம் எழுதினார். இடதுசாரிச் சார்பில் அவர் சோவியத் ஆட்சியின் கொடுமைகளையும் நியாயப்படுத்தியதைத் திறனாய்வாளர்கள் இன்றும் கண்டிக்கின்றனர். கண்டிக்க வேண்டியதே. ஆயினும் தம் நாட்டின் பெருமுதலாளிகளை அவ்வளவு கடுமையாகத் தாக்கிய ஒருவரிடமிருந்து வந்ததால்தான் அந்த மே 17 கவிதையை மக்கள் நம்பினார்கள் என்று நான் கருதுகிறேன். 1943 டிசம்பரில் பெர்லின் மீது குண்டு போடச் சென்ற விமானமொன்றில் போர்ச் செய்தியாளராகப் பறந்தபோது அவர் கொல்லப்பட்டார்.

மறுபக்கத்தில் ஹம்சுன். மண்ணையும் உழைப்பையும் அவ்வளவு கனிவோடு எழுதியவர், 1943இல் தம் நோபல் பதக்கத்தை நாஜிப் பிரசார அமைச்சர் கெபெல்ஸுக்கு அன்பளிப்புச் செய்தார். 'நிலவளம்' படித்து நெகிழ்ந்த நமக்கு இது தாங்கக் கடினமான செய்தி. நாவலாசிரியை சிக்ரிட் உன்ட்செட்டோ 1940 ஏப்ரலில் போரில் மூத்த மகனைப் பறிகொடுத்து, நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சென்றார். ஒரே நாட்டின் நோபல் எழுத்தாளர்கள் இருவர்!

அடுத்த ஆண்டுகளில் மே 17 தடை செய்யப்பட்டது. ஊர்வலமும் கொடியும் கூடாது. தேசிய நிறங்களை உடையில் அணிந்தாலும் குற்றம். 1941 இலையுதிர் காலத்தில், குவிஸ்லிங் கட்சியினர் தவிர்ந்த மற்றவர்களின் வானொலிப் பெட்டிகள் பறிமுதலாயின. ஒளித்து வைத்த பெட்டியில் இலண்டன் ஒலிபரப்பைக் கேட்பது மரண தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆயிற்று. வீதியில் இயலாதது வீட்டுக்குள் சென்றது. நல்லுடை உடுத்துவது, மேசையில் பூ வைப்பது, சாளரத் திரையை இழுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பாடுவது. இவற்றைச் சட்டம் முற்றாகத் தடுக்க முடியவில்லை.

இதைக் கற்பனாவாதமாகச் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. 1942 தொடக்கத்தில் குவிஸ்லிங் அரசு ஆசிரியர்களை நாஜிச் சங்கத்திலும், சிறுவர்களை நாஜி இளைஞர் அணியிலும் கட்டாயமாகச் சேர்க்க முனைந்தது. பெரும்பாலான ஆசிரியர்கள் மறுத்தனர். பெற்றோர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை அமைச்சுக்கு எழுதினர். என் பிள்ளையை இதற்கு விடமாட்டேன் என்பதே சாரம். ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் கைதாகினர். அவர்களுள் பல நூறு பேர் வடகோடியான கிர்க்கெனெஸுக்குக் கப்பலில் ஏற்றப்பட்டனர். அவ்வாண்டு மே 17 அன்று அவர்கள் அங்கே கட்டாய வேலையில் இருந்தனர். பிள்ளைகளைக் கொடியோடு அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் அவர்களே. திட்டம் இறுதியில் கைவிடப்பட்டது. ஆசிரியர்கள் ஆண்டு முடிவதற்குள் வீடு திரும்பினர்.

எல்லா வீடுகளுக்கும் அப்படித் திரும்பி வரவில்லை. அதே 1942 மார்ச்சில் குவிஸ்லிங், வேர்கெலான்ட் போராடி நீக்க வைத்த அந்த யூதத் தடையை மீண்டும் அரசியலமைப்பில் சேர்த்தார். நவம்பரில் யூதக் குடும்பங்கள், குழந்தைகளும் அடங்கலாக, ஒஸ்லோத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டு அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். கைது செய்தவர்களுள் நோர்வேஜியப் பொலிஸாரும் இருந்தனர். நாடு கடத்தப்பட்ட எழுநூற்றுக்கும் மேற்பட்டோரில் மீண்டவர் மிகச் சிலர். அரசின் சார்பில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2012 ஜனவரியில். எழுபது ஆண்டுகள் கழித்து.

1945 மே 8 விடுதலை. ஒன்பது நாட்களில் மே 17. அந்த ஊர்வலத்தின் களிப்பை எழுதாதவர் இல்லை. ஆனால் வடக்கே பின்மார்க் மாவட்டத்தில் நிலைமை வேறு. 1944 இறுதியில் பின்வாங்கிய ஜேர்மன் படை அங்குள்ள வீடுகளையும் படகுகளையும் எரித்துவிட்டுச் சென்றது. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வலிந்து வெளியேற்றப்பட்டனர். குகைகளில் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தவர் பல ஆயிரம். அவர்களுக்கு அந்த மே 17 சாம்பல் மேட்டில் விடிந்தது.

பிற்காலச் சோதனைகள் இவ்வளவு பெரியன அல்ல. 1983இல், குடியேறியோரின் பிள்ளைகள் பலர் பயின்ற ஒஸ்லோப் பாடசாலை ஒன்றுக்கு, ஊர்வலத்தில் வந்தால் குண்டு வெடிக்கும் என்று மிரட்டல் விடுக்கப்பட்டது. பிள்ளைகள் நடந்தார்கள். 2020இல் தொற்றுநோயால் ஊர்வலம் நின்றபோது, பகல் ஒரு மணிக்கு மாடங்களிலும் முற்றங்களிலும் நின்று குடும்பங்கள் ஒருசேரக் கீதம் பாடின.

மேலே சொன்ன பின்மார்க் மாவட்டத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. காரைநகர்ச் சீநோர் படகுத்துறையை மறவாத வாசகர்களுக்கு நோர்வே புதிய பெயரன்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கிருந்து போர் துரத்த ஓடியவர்களுள் பலர், வெய்யிலே காணாத குளிர்காலம் கொண்ட அந்த வடகரை ஊர்களில், மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு நின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் வீடு எரிந்து துரத்தப்பட்டவர்களின் ஊர்களிலே, வீடு எரிந்து துரத்தப்பட்ட வேறு மக்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மே 17இல் கொடியோடு வாத்தியக் குழுவின் பின்னே நடந்தனர்.

2009இல் அந்த நாள் முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களோடு மோதிக்கொண்டது. அன்றிலிருந்து நோர்வேத் தமிழர் வீடுகளில் இரு நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. 17ஆம் திகதி காலையில் பிள்ளைக்குச் சட்டை அழுத்தி, தலைவாரி, ஊர்வலத்துக்கு அனுப்ப வேண்டும். 18ஆம் திகதி மாலையில் அதே பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி விளக்கேற்ற வேண்டும். அந்த இரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஓர் இரவைப் பற்றித் தமிழில் நல்லதொரு சிறுகதையையோ கவிதையையோ நான் இன்னும் படிக்கவில்லை. எழுதியவர்கள் இருப்பின் இப்பத்திக்கு அனுப்பி வைக்கலாம்.