மூத்திரப்பையும் எக்ஸ்ரே மருந்தும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் மிஞ்சிய ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்த காலம் 2001-ஆம் ஆண்டோடு முடிந்ததெனினும், அத்தகைய சரிவில் நேர்வதுபோல் இடுப்பெலும்பை நொறுக்கி, அதனுள் அடங்கிய மூத்திரப்பையையும் கிழித்துவிடவல்ல காயம், இன்று சாலை விபத்து ரூபத்தில் எங்கும் சம்பவிக்கக் கூடியதே.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமேயன்றி மூத்திரப்பை தெரியாது. 1923-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மேகநோய்க்காகச் சோடியம் அயோடைடு பெற்றவர்களின் மூத்திரம் படத்தில் துலங்கக் கண்டார்கள்; அயோடின் கலந்த திரவங்கள் மூத்திரப்பையைப் படமெடுக்கும் பரீட்சைக்கு விசேஷ சாதனமாயின.

பிரயோகத்தில் ஜாக்கிரதை வேண்டும். பிறப்புறுப்பின் நுனியில் ரத்தம் தென்பட்டால், மூத்திரத் தாரை அறுந்திருக்கக் கூடுமாதலால், மூத்திரப்பைக்குள் மருந்தேற்றும் குழாயைச் செலுத்துமுன் தாரையையே படமெடுத்துப் பார்ப்பது முறை. பிறகு நீர்த்த அயோடின் மருந்தை, ஸ்டாண்டில் உயரத் தொங்கும் பாட்டிலிலிருந்து தானாக இறங்கவிட்டு, பெரியவர்களுக்கு 300 முதல் 400 மில்லிலிட்டர் வரை நிரப்பி ஒரு படமும், நிரம்பிய பைக்குப் பின்னே மறைந்த கசிவு புலப்படும்பொருட்டு, வடித்தபின் மற்றொரு படமும் எடுப்பார்கள்.

இம்மருந்து ரத்தத்தில் சொற்பமே சேர்வதால் ஒவ்வாமை அபூர்வம். ஆயினும் முன்பு எக்ஸ்ரே மருந்தினால் தடிப்போ மூச்சுத்திணறலோ கண்டவர்களும், மூத்திரத்தில் கிருமித் தொற்றுள்ளவர்களும், கர்ப்பிணிகளும் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பரீட்சைக்குப் பின்னர் சிறிது எரிச்சல் இருப்பது சகஜம். குளிர்க்காய்ச்சல் கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதே உசிதம்.