நீரிறைக்கும் குழாயில் ஏற்படும் உராய்வு நட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களிற் பெரும்பாலானவை கிணற்று நீரையே நம்பியுள்ளன. துலாவால் இறைத்த நிலை மாறி, இன்று இயந்திரத்தால் இறைத்துக் குழாய் வழியே தொலைவிலுள்ள பாத்திகளுக்கு நீரைக் கொண்டு செல்கின்றோம். இயந்திரம் நன்றாயிருந்தும் கடைசிப் பாத்திக்கு நீர் குறைவாக வருகின்றதெனக் கமக்காரர் பலர் முறையிடுவர். இதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரமன்று; குழாயேயாம்.

ஓடும் நீர் குழாயின் உட்சுவரோடு உராய்வதால் அதன் அமுக்கத்தில் ஒரு பகுதி வீணாகின்றது. இந்நட்டத்தை, நீரை வீணே உயர்த்திய உயரமாகக் கருதி மீற்றரிற் கூறுவர்.

நட்டத்தை மதிப்பிடும் முறை

முதலில் நீரின் அளவை அறிதல் வேண்டும். 200 இலீற்றர்ப் பீப்பாயொன்று 50 செக்கனில் நிரம்பினால், செக்கனுக்கு 4 இலீற்றர் நீர் பாய்கின்றது. இவ்வளவு நீர் 100 மீற்றர் நீளமான பிளாத்திக்குக் குழாயிற் செல்லும்போது ஏற்படும் நட்டம் வருமாறு:

உள்விட்டம் 50 மில்லிமீற்றர் - ஏறக்குறைய 8 மீற்றர்
உள்விட்டம் 75 மில்லிமீற்றர் - ஏறக்குறைய 1 மீற்றர்

கிணற்று நீர்மட்டம் பாத்தியிலிருந்து 5 மீற்றர் கீழேயிருப்பின், சிறிய குழாயில் இயந்திரம் 13 மீற்றருக்கும், பெரிய குழாயில் 6 மீற்றருக்கும் உழைக்க வேண்டும். அதே நீருக்கு இருமடங்கிற்கும் மேற்பட்ட உழைப்பு! மலிவான குழாயில் மிச்சம்பிடித்த பணம் எரிபொருளாகப் போய்விடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. குழாயின் நீளம் இருமடங்கானால் நட்டமும் இருமடங்காகும்.

2. பாயும் நீர் இருமடங்கானால் நட்டம் ஏறக்குறைய மூன்றரை மடங்காகும்.

3. உள்விட்டம் பாதியானால் நட்டம் ஏறக்குறைய 30 மடங்காகும்.

4. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயில் நட்டம் பிளாத்திக்குக் குழாயினதைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும்.

5. 50 மில்லிமீற்றர்க் குழாயிலுள்ள செங்கோண வளைவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நேர்க்குழாய்க்குச் சமமானது.

உறிஞ்சு குழாய்

வளியமுக்கம் நீரை 10.3 மீற்றருக்கு மேல் உயர்த்தமாட்டாது. நடைமுறையில் 6 அல்லது 7 மீற்றரே எல்லையாகும். உறிஞ்சு குழாயின் உராய்வு நட்டமும் இவ்வெல்லைக்குள் அடங்க வேண்டும். ஆகவே, கோடையில் நீர்மட்டம் தாழும்போது, ஒடுங்கிய உறிஞ்சு குழாயுள்ள இயந்திரமே முதலில் நீரெடுக்கத் தவறும். உறிஞ்சு குழாயைக் குறுகியதாகவும், அகன்றதாகவும், வளைவு குறைந்ததாகவும் அமைத்தல் வேண்டும். அடிச் சல்லடையிற் பாசியும் சருகும் அடையாது பார்த்தல் வேண்டும்.

கமக்காரரே! பெரிய இயந்திரம் வாங்க எண்ணுமுன், உங்கள் குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து பாருங்கள்.