தரவுத்தளத்தில் தமிழ்

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் வட்டாரத்தில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகள் அன்றாடம் புழங்குகின்றன. அங்கு இயங்கும் பள்ளி ஒன்று, தன் நூலகத்தின் நூற்பட்டியலை இணையத்தளத்தில் வெளியிட எண்ணுவதாகக் கொள்வோம். நூற்பெயர்கள் எல்லா மொழிகளிலும் சரியாகத் தோன்ற வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறினாலும் சிதையாதிருக்க வேண்டும்.

இத்தகைய பட்டியலைச் சேமித்து, கேட்டபோது எடுத்துத்தரும் மென்பொருளே தரவுத்தளம் எனப்படும். தரவுத்தளங்களைப் பல நிறுவனங்கள் உருவாக்குகின்றன. அவை தத்தமக்கே உரிய சிறப்பு வசதிகளையும் வழங்குகின்றன. அவ்வசதிகளை நம்புவதா, அனைவருக்கும் பொதுவான தரத்தைப் பின்பற்றுவதா என்பதே இணையத்தளம் அமைப்போர் எதிர்நோக்கும் கேள்வியாகும்.

இக்கேள்விக்குத் தமிழ்க் கணிமையின் வரலாறு நல்ல பாடம் தருகிறது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. 1990களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் வெவ்வேறு எண்முறைகளைக் கையாண்டனர். ஆகவே, ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. எழுதியவரே தம் எழுத்தைப் படிக்க இயலாத நிலை உண்டானது.

இதற்குத் தீர்வாக அமைந்தது யூனிகோடு என்னும் அனைத்துலகத் தரம். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன்படி, ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. இத்தரத்தைப் பின்பற்றும் எந்தக் கருவியிலும் இவ்வெண் மாறுவதில்லை. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

எனினும், எழுத்துகளைச் சேமிப்பது வேறு, வரிசைப்படுத்துவது வேறு. யூனிகோடு அட்டவணையில் ‘ற’ 2993, ‘ல’ 2994, ‘ழ’ 2996, ‘வ’ 2997 ஆகிய எண்களைப் பெற்றுள்ளன. எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால், ‘அறிவு, அலை, அழகு, அவை’ என்ற வரிசை கிடைக்கும். தமிழ் அகராதியிலோ ‘அலை, அவை, அழகு, அறிவு’ என்பதே முறையான வரிசை. இக்குறையைக் களைய, யூனிகோடு அமைப்பு வரிசைப்படுத்தும் விதிகளையும் தனியே வகுத்துள்ளது. அவ்விதிகளைப் பின்பற்றும் தரவுத்தளத்தில் தமிழ்ச் சொற்கள் அகராதி முறைப்படி அமையும்.

நிறுவனங்களின் தனி வசதிகளை ஆராய்ந்தே பயன்படுத்த வேண்டும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் இதற்குச் சான்றாகும். அதிலுள்ள ‘யூடிஎஃப்8’ என்ற வசதி, பொதுத் தரத்தின் பெயரையே தாங்கியிருந்தது. ஆனால், பொதுத் தரம் ஓர் எழுத்துக்கு நான்கு பைட்டு வரை இடமளிக்க, இவ்வசதி மூன்று பைட்டு மட்டுமே அளித்தது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால், தமிழ் நூற்பெயர்களில் குறை எதுவும் புலப்படாது. நான்கு பைட்டு தேவைப்படும் அரிய சீன எழுத்துகளையும் உணர்ச்சிக் குறிகளையும் அதில் சேமிக்க இயலாது. பின்னர், நான்கு பைட்டும் கொள்ளும் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற வசதி அறிமுகமானது. ஒரு மொழியில் மட்டும் சோதித்துப் பார்ப்பது போதாது என்பதை இது உணர்த்துகிறது.

இதனால் தனி வசதிகள் யாவும் தீயவை எனக் கொள்ளலாகாது. அவற்றுள் சில, தேடலை விரைவாக்குகின்றன. நிரலாளரின் வேலைப் பளுவையும் குறைக்கின்றன. ஆயினும், தரவைப் பொதுத் தரத்தில் சேமித்து, தனி வசதிக்குரிய கட்டளைகளை நிரலில் ஓரிடத்தில் ஒதுக்கி வைப்பதே விவேகம். மென்பொருள் மாறும் நாளில் அக்கட்டளைகளை மட்டும் திருத்தினால் போதும். நூற்பட்டியல் அப்படியே இருக்கும்.

நிறுவனங்கள் தோன்றலாம், மறையலாம். ஒரு சமூகம் தன் மொழியில் பதிந்து வைத்தவை அவற்றோடு மறைந்துவிடக் கூடாது. அதற்குப் பொதுத் தரமே உறுதுணையாகும்.