பூனையின் மலத்தையும் பரிசோதியுங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் நாய் வளர்க்கும் வீடு அரிது; பூனை வராத வளவு அதைவிட அரிது. மீன் கழுவுமிடத்தில் காத்திருக்கும், பிள்ளைகளின் பாயிலேயே உறங்கும். பூனை நஜீஸ் அல்ல என்று கூச்சமின்றித் தூக்குகிறோம். அதன் மலம் நஜீஸ்தானே! நம் கரையோர வளவெல்லாம் மணல். பூனை தோண்டிப் புதைக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் மண்சோறு ஆக்கி விளையாடுகிறார்கள்.

இலங்கையின் பெயர் தாங்கிய புழு

இலங்கைப் புனுகுப்பூனையில் கண்ட கொழுக்கிப்புழு ஒன்றுக்கு 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 'அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்' என்று பெயரிட்டார். நாய், பூனையின் குடலில் இரத்தம் குடிக்கும் இந்தப் புழு மனிதக் குடலிலும் முழுதாக வளரும். ஈரமணலில் முட்டை பொரித்தால் ஒரு வாரமளவில் அதன் குடம்பிகள் வெறுங்காலைத் துளைக்கத் தயாராகிவிடும்.

உருளைப்புழு குட்டிக்குத் தாய்ப்பாலிலேயே வந்துவிடும். மணலில் சில வாரம் கிடந்து முதிர்ந்த அதன் முட்டை பிள்ளையின் வாய்க்குள் போனால், குடம்பி உடலுக்குள் அலைந்து கண்ணையும் தாக்கலாம்.

ஆய்வுகூடத்தில்

சிறிதளவு மலத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி, வடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பார்கள். கரைசலைவிட இலேசான முட்டைகள் மிதந்து மேலே வரும். அவற்றைக் கண்ணாடித் துண்டில் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் புழுவே இல்லை என்று ஆகிவிடாது. பூனையின் உருளைப்புழு வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். நாடாப்புழு இந்த முறையில் பெரும்பாலும் அகப்படாது. அதன் துண்டுகள் வாலடியில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் நீங்கள்தான் கண்டு சொல்ல வேண்டும்.

மாதிரி எடுப்பது

பூனை புதைத்துவிடுமே என்ற கவலை வேண்டாம். ஓரிரவு அறைக்குள் விட்டு, தட்டில் கிழித்த பத்திரிகைத் தாளைப் போட்டு வையுங்கள். வளவு மண் கூடாது. அதில் வாழும் வேறு புழுக்கள் பரிசோதனையைக் குழப்பும். காலையில் கையில் பொலித்தீன் பையை மாட்டி, பெருவிரல் நுனியளவு எடுத்து, மூடியுள்ள போத்தலில் இட்டு, அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். நம்மூர் வெக்கையில் கொழுக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும்.

பாமசிக் குளிசை போதாதா?

பைரன்டெல் உருளைப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் சரி. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும், அதைப் பரப்பும் தெள்ளையும் ஒழிக்க வேண்டும். எந்தப் புழு என்று தெரியாமல் குளிசை வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. சின்னக் குட்டிகளுக்கு மட்டும் பரிசோதனைக்குக் காத்திராமல், எடை பார்த்து வைத்தியரே மருந்து கொடுப்பார்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனைத் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தோடு வெளியேறி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.